ஏரிக்கரை வழியாக வேண்டாம்

நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தட்டில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டாய். அந்த மீன் குழம்பை உன் அப்பா மறுநாளும் சாப்பிட்டார், அதற்கு மறுநாளும் சாப்பிட்டார், மகன் அடிக்கடி கோபித்துக்கொண்டால் குடும்பத்துக்கு நல்லதுதான் என்கிற முகத்தோடு. எனக்குத்தான் இறங்கவில்லை. "இன்னாம்மா, நீயும் மேலத்தெருக்காரன் மாதிரியே பேசிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டுப் போனாயே, அதனால்தான். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். இந்தக் கேள்விக்கு வாயில் பதில் வரவில்லை. எழுதினாலாவது வருமா என்று உட்கார்ந்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பையன்களும் இதைப் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்கும் கல்யாணம் ஆகும், அவர்கள் ஊரிலும் ஒரு மேலத்தெரு இருக்கும்.

நான் சொன்னது ஒரே ஒரு விஷயம். தை மாதம் உனக்குக் கல்யாணம். சர்ச்சில் தாலி கட்டிய பிறகு சாயங்காலம் ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு ஊர்வலம். அந்தக் கரையில் சரவெடியும் அதிர்வேட்டும் வேண்டாம், கருவேல மரங்களில் நாரை மறுபடியும் கூடு கட்டியிருக்கிறது, பொழுது சாய்கிற நேரத்தில் பயந்து எழும்பிய பறவைக்கு இருட்டில் தன் கூடு தெரியாது என்றேன். நீ முதலில் சிரித்தாய். பிறகு உன் முகம் மாறியது. நீ கிளம்பிப் போய் வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பறவைகள் பயந்துவிடும், வெடிக்காதே. இது நம் காலனியில் பிறந்த ஒவ்வொருவரும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த வாக்கியம். அதை முதல் தடவையாக உன் வீட்டுக்குள், உன் அம்மாவின் வாயிலிருந்து கேட்டிருக்கிறாய்.

அந்த வாக்கியம் எப்படி வந்தது என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்கள் நம் காலனிக்குப் பக்கம், மேலத்தெருவுக்கு எட்டம். மழை முடிந்து ஏரி நிறைந்தால் நாரையும் வக்காவும் நீர்க்காகமும் வந்து இறங்கும். கார்த்திகையில் சுள்ளி பொறுக்கும், மார்கழியில் முட்டையிடும், தை பிறந்தால் குஞ்சுகளின் கத்தல் தொடங்கிவிடும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் மதகு வழியாக மேலத்தெருவின் வயல்களுக்குப் போகும். அந்தத் தண்ணீர் பாய்கிற வயலுக்கு எரு வாங்க வேண்டியதில்லை. ஆகவே மேலத்தெரு பறவைகளிடம் அளவு கடந்த அன்பு வைத்திருந்தது. நமக்கு வயல் இல்லை. பறவைகளிடமிருந்து நமக்குக் கிடைத்தது நாற்றம்தான். அதனாலோ என்னவோ, அன்பை மேலத்தெரு வைத்துக்கொண்டு, அதன் பொறுப்பை நம்மிடம் கொடுத்தது. ஏரி நிறைந்ததிலிருந்து வற்றுகிற வரை காலனியில் வெடி கூடாது, மேளம் கூடாது. அந்த மாதங்களில் கிறிஸ்துமஸ் வரும், புது வருஷம் வரும், நம் கல்யாணங்கள் பெரும்பாலும் வரும். நானும் உன் அப்பாவும் மாலையோடு ஏரிக்கரைமேல் நடந்து வந்த அன்று கேட்ட ஒரே சத்தம், பின்னால் வந்த உன் பெரியத்தை தும்மியது. அதே தை மாதத்தில் மேலத்தெருக் கல்யாணங்களுக்கு அதிர்வேட்டு போடுவார்கள். இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து வைக்கிற வேட்டு. ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டுச் சுவரிலிருந்து மண் உதிரும். உன் தாத்தா ஒரு தடவை துணிந்து, அது பறவைக்கு ஆகுமா என்று கேட்டாராம். "எட்டத்துல வெடிக்கிறதுடா, பறவைக்குக் கேக்காது" என்று சொன்னார்களாம். மண்சுவருக்குக் கேட்டது, நாரைக்குக் கேட்கவில்லை. நாரையும் நம்மைப் போல, யாருடைய சத்தம் என்று பார்த்துத்தான் பயப்படும் போலிருக்கிறது.

நாம் ஏன் ஏரிக்கரையில் நடக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியும் என்றாலும். சர்ச்சும் என் பள்ளிக்கூடமும் பஸ் நிற்கிற ரோட்டில் இருக்கின்றன. அங்கிருந்து காலனிக்கு நேர்வழி மேலத்தெரு. சுற்றுவழி ஏரிக்கரை. தனி ஆளாக நேர்வழியில் போகலாம், செருப்பைக் கழற்றிக்கொண்டால். மாலையும் கழுத்துமாகக் கூட்டமாகப் போக முடியாது. நான் டீச்சர் என்பதால் எனக்கு ஒரு சலுகை உண்டு. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, பைக்குள் வைத்துக்கொள்ளலாம். தெருமுனையில் கழற்றி, பரீட்சைத் தாள்களுக்கு அடியில் வைத்து, மறுமுனையில் போட்டுக்கொள்கிறேன். என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படித்த மேலத்தெருப் பையன்கள் இப்போது மீசையோடு உட்கார்ந்து "வணக்கம் டீச்சர்" என்கிறார்கள், என் காலைப் பார்த்துக்கொண்டே.

வெடி நம் பக்கம் வந்தது ஒரே ஒரு தடவைதான். அறுபத்தேழு தேர்தல். நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். மேலத்தெரு ஆதரித்த ஆள் ஜெயித்துவிட்டார், அதுவும் காலனி ஓட்டால் ஜெயித்துவிட்டார். காலனியைக் கௌரவிக்க வேண்டும் என்று மேலத்தெருக்காரரான பஞ்சாயத்து பிரசிடென்டுக்குத் தோன்றியது. மாசி மாதம், பட்டப்பகல். காலனியில் வெடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டவர்களே கூடை கூடையாக வெடியைச் சுமந்து வந்தார்கள். வெயில் கடுமையாக இருந்ததால் நிழலான இடமாகத் தேடினார்கள். நம் பக்கத்தில் நிழலுள்ள இடம் அந்தக் கருவேல மரத்தடி ஒன்றுதான். கரையோரம், கூடுகளுக்கு நேர் கீழே அடுக்கினார்கள். யாரும் தடுக்கவில்லை. மரியாதை வருகிறபோது யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? நான் காதைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டு ரோசம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "காதப் பொத்தாத டீச்சரு! நம்ம பேருக்கு வெக்கிறாங்க வெடி. நல்லா கேட்டுக்கோ, திரும்ப எப்ப கேக்கப் போறமோ" என்றாள்.

முதல் வேட்டுக்கு ஏரி முழுவதும் ஒன்றாக எழும்பியது. அத்தனை சிறகும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டால் பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மரங்கள் வெள்ளையாக இருந்தன, அடுத்த கணம் பச்சையாகிவிட்டன. எழும்புகிற அவசரத்தில் தாய்ப்பறவைகளே கூட்டின் ஓரத்தில் நின்ற குஞ்சுகளைத் தட்டிவிட்டன. சில தண்ணீரில் விழுந்தன, சில வெடிப்புகைக்குள் விழுந்தன, சில கைதட்டிக்கொண்டிருந்தவர்களின் தலைமேலேயே விழுந்தன. பயந்த குஞ்சு தின்றதையெல்லாம் கக்கிவிடும். மேலிருந்து நத்தையும் பாதி செரித்த மீனும் கொட்ட, பிரசிடென்டின் வெள்ளைச் சட்டையைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அடுத்த சரத்தைக் கொளுத்தச் சொன்னார். பிறகு காக்கைகள் வந்தன. காக்கை மனிதர்களோடு வாழ்ந்து பழகியது, வெடிக்குக் கொஞ்சம் ஒதுங்கி நின்றுவிட்டு வேலையைப் பார்க்கும். தாய் இல்லாத கூடுகளில் வரிசையாக உட்கார்ந்து, பொரிக்காமல் மிச்சமிருந்த முட்டைகளைக் குத்தின. அதற்குப் பிறகு பருந்து. பெரிய பறவைகள் உயரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன. இறங்கப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு சரம் வெடித்தது. மிச்சமிருந்த குஞ்சுகள் இறகின் நிழல் இல்லாமல் வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. நம் தெரு நாய் அன்று ஓடியது ஓடியதுதான். எல்லையோர ஆரம்பாக்கத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆந்திராவுக்குள் போய்விட்டால் நிம்மதி என்று நினைத்ததோ என்னவோ.

நீ ஒரு குஞ்சைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தாய். அது உன்மேல் கக்கியது, நீயும் கக்கினாய். "எம்மா, அதோட அம்மா இன்னாத்துக்கு வுட்டுட்டு ஓடிச்சி?" என்று அது சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு மறந்திருக்கலாம். அன்று உண்டான பயம் எனக்கு இன்னும் போகவில்லை. பெற்றது தன் பிள்ளையை மிதித்துக்கொண்டு ஓடுவதற்கு ஒரு சத்தம் போதும். அது கெட்ட தாய் இல்லை, நைனா. யோசிக்கிற அளவுக்குப் பயம் நேரம் கொடுப்பதில்லை. அதற்கப்புறம் எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் நான் முதலில் செய்கிற காரியம், நீ எங்கே இருக்கிறாய் என்று தேடுவது. நீ வளர்ந்து பாக்டரிக்குப் போய்விட்ட பிறகும் தேடுகிறேன்.

அடுத்த வருஷம் ஏரி நிறைந்தது, பறவைகள் வரவில்லை. மேலத்தெருவில் கூட்டம் போட்டு ஆராய்ந்தார்கள். காலனியில் வெடி வெடித்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. யார் வெடித்தது என்பது கூட்டத்தில் எழவில்லை. எரு விலை கொடுத்து வாங்க வேண்டியதாகிவிட்ட கோபத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. பறவை இல்லாத ஏரிக்குப் பக்கத்தில், பறவைகள் பயந்துவிடும் என்று, நாம் சில கல்யாணங்களைச் சத்தமில்லாமல் நடத்தினோம்.

பிறகு கும்மிடிப்பூண்டியில் உங்கள் பாக்டரிகள் வந்தன. லாரிகள் வந்தன, மூன்று வேளைச் சங்கு வந்தது. இனி ஒரு பறவையும் எட்டிப் பார்க்காது என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தன. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் சங்கு ஊதினால் எழும்பின. அப்புறம் கழுத்தை மட்டும் தூக்கின. இப்போது கழுத்தையும் தூக்குவதில்லை. தினமும் அதே நேரத்தில் அதே மாதிரி வருகிற சத்தத்துக்கு உயிர் பழகிவிடும் போலிருக்கிறது. திடீரென்று வெடிப்பதற்குத்தான் பழக முடியாது. இந்த வருஷம்தான் பழையபடி கூடு நிறைந்திருக்கிறது. பார்த்துச் சந்தோஷப்பட்டேன், உடனே ஒரு பயமும் வந்தது. தார் ரோட்டிலிருந்து மேலத்தெருவுக்குள் வெறுங்காலை வைக்கும்போது எனக்கும் ஆரம்பத்தில் சுட்டது. அப்புறம் கூசியது. இப்போது ஒன்றும் இல்லை. தினமும் அதே நேரம், அதே இடம். எனக்கும் கழுத்தைத் தூக்கத் தோன்றுவதில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மேலத்தெரு வெடிக்காதே என்றது, நானும் வெடிக்காதே என்கிறேன். பொய்யன் சொன்னதாலேயே உண்மை பொய்யாகிவிடாது என்று வகுப்பில் சொல்லிவிடலாம். மாப்பிள்ளைப் பையனிடம் அது எடுபடாது. உனக்கு ஏன் வெடி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நம் வீட்டில் நல்ல காரியம் நடப்பது ஊருக்குக் கேட்க வேண்டும். கடம்பத்தூரிலிருந்து நம்மை நம்பி வருகிற எஸ்தர், நான் வந்த மாதிரி ஊமை ஊர்வலத்தில் வரக் கூடாது. சரி. யாருக்குக் கேட்க வேண்டும்? நீ கரைமேல் வெடித்தால் நெஞ்சு வெடிக்கக் கேட்பது குஞ்சு பொரித்திருக்கும் நாரைக்கு. மேலத்தெருவுக்கு எங்கோ கேட்கும், காலனிப் பசங்க ஏரிக்கரையில் ஆடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அவர்கள் ஒதுக்கிக் கொடுத்த வழியிலேயே நின்றுகொண்டு, அந்த வழியில் வெடிக்கலாமா கூடாதா என்று நீயும் நானும் சண்டை போட்டிருக்கிறோம், நைனா. வழியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

அதனால் புதன்கிழமை பள்ளி விட்டதும் பிரசிடென்ட் வீட்டு வாசலில் போய் நின்றேன். பதவி போய் எத்தனையோ காலமாகியும் அவர் பிரசிடென்ட்தான். ஈசி சேரில் சாய்ந்து மடியில் டிரான்சிஸ்டரை வைத்திருந்தார்.

"வா டீச்சரு. இன்னா சேதி? புள்ளைக்குக் கண்ணாலமாமே" என்றார். டீச்சர் என்கிற மரியாதையையும் 'வா' என்கிற ஒருமையையும் ஒரே மூச்சில் கொடுக்க அவரால் முடியும்.

"ஆமாங்க ஐயா. தையில."

"பாக்டரி டப்பு கையில பொரளுது, வெடி கிடி வெக்கப் போறானுங்க. ஏரில நாரை கீது. அப்ப ஆன மாதிரி ஆயிடப் போவுது."

"அதுக்குத்தான் ஐயா வந்தேன். வெடி வெக்க மாட்டோம். ஏரிக்கரைல மேளம்கூட வேணாம்னு கீறேன். அப்ப குஞ்சு பொரிச்சிருக்கும், கூட்டமா போனாலே பயந்துடும்."

"அதான் டீச்சரு! படிச்சவங்கன்னா இப்படி இருக்கணும்" என்று டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்தார்.

"அதனால மேலத்தெரு வழியா வந்துடறோம்."

டிரான்சிஸ்டரை நிறுத்தினார். "இன்னா சொன்ன?"

"இங்க சத்தம் போட்டா பறவைக்குக் கேக்காதுன்னு உங்க அப்பா காலத்துலேர்ந்து நீங்கதானே ஐயா சொல்லிக்கினு வர்றீங்க."

"எனக்கே பாடம் எடுக்குறியா நீ?"

"இல்லீங்க. நீங்க எடுத்த பாடத்தத்தான் ஒப்பிக்கிறேன்."

செருப்பு இருந்த பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏரிப்பக்கம் திரும்பினார். "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சரு. பசங்கதான் இன்னா பண்ணுவானுங்களோ. நம்ம பேச்ச எவன் கேக்குறான் இப்ப?" என்றார். நம் ஊரில் மிரட்டல் எப்போதும் இப்படித்தான் வரும், அங்கே இல்லாத யாரோ சில பசங்களின் பெயரில். அந்தப் பசங்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள் நான். கிளம்பும்போது, "பறவைக்காகத்தானே கேக்குற?" என்றார். "பறவைக்காகவுந்தாங்க ஐயா" என்றேன். "பாக்கலாம், போ" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். புதுவாயல் அரிசி மில்லின் மிஷின் அவர் காதைப் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டதால், நம் வீட்டில் எந்த ரகசியமும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. "மேலத்தெரு வழியா போறோம்!" என்று கத்தினேன். "யார் ஊட்டு வேலைக்கு?" என்று கேட்டார். "வேலைக்கு இல்ல! புள்ள கண்ணாலத்துக்கு!" என்றேன். தன் பழைய வேட்டியைக் குனிந்து பார்த்தார். "அப்படின்னா எனக்கு நல்ல வேட்டியா ஒண்ணு வாங்கு" என்றார்.

அந்தப் 'பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. மூடிய கதவாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், வெறும் 'பாக்கலாம்' என்பதாகவே இருக்கலாம். உன்னிடம் கேட்பது இதுதான். வாங்கி வைத்திருக்கும் வெடியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. மேலத்தெருவிலும் வெடிக்க வேண்டாம். அங்கே வெடித்தால் பறவைக்குக் கேட்காது என்பதை நம்பாதவர்கள் இந்த ஊரில் நாம் மட்டும்தான், நாமும் நம்ப ஆரம்பித்தால் நாரைகளுக்கு யாரும் மிச்சமில்லை. பாண்டு செட் வரட்டும். ரோட்டிலேயே மெதுவாகத் தொடங்கி ஒரே சீராக வாசிக்கச் சொல். உன் சினேகிதர்கள் கையை வீசிக்கொண்டு வெறுங்கையோடு வரட்டும், காலில் மட்டும் செருப்பு இருக்கட்டும். பயப்படாதே என்று எழுத மாட்டேன். பிள்ளைக்கு அப்படி எழுதுகிறவர்கள் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். நான் உனக்கு முன்னால் நடந்து வருவேன், நீ பயப்படுவதைவிட அதிகமாகப் பயந்துகொண்டு. ஏதாவது சத்தம் வந்தால் என்னை மிதித்துக்கொண்டு ஓடினாலும் பரவாயில்லை, நான் தப்பாக நினைக்க மாட்டேன். எஸ்தர் கையை மட்டும் விட்டுவிடாதே.

வெள்ளிக்கிழமை புதுவாயல் கடையில் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். பையில் வைத்துக் கொண்டுபோகிற என் ரப்பர் செருப்புக்குச் சத்தம் போதாது. இது தோல், குதிகாலில் ஆணி அடித்தது. காலுக்குப் பழக வேண்டுமே என்று சாயங்காலம் வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் போட்டு நடந்து பார்த்தேன். டக், டக் என்றது. உன் அப்பா, அந்தக் காதுக்கும் எட்டியதுபோல, திரும்பிப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வாசலுக்கு வந்து ஏரியைப் பார்த்தேன். நாரைகள் எல்லாம் முட்டைமேல் உட்கார்ந்தபடியே இருந்தன, ஒன்றுகூடக் கழுத்தைத் தூக்கவில்லை. உள்ளே வந்து இன்னொரு தடவை நடந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையாவது வந்து சாப்பிடு.

உன் அம்மா